நெருப்பில் குளிரும் பெட்டி

பேர்லின் நொய்கெல்னில் இருந்த கொறற்றிக்கு வெயில் என்றால் பயம் என்று சொன்னால் தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். மன்னார் பேசாலையில் பிறந்தவள் அவள். உச்சி வெயிலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டு வளர்ந்த பெண்ணுக்கு ஜெர்மன்காரனின் வெயில் ஒரு வெயிலா? ஆனால் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவள் அந்த வெயிலைச் சத்துராதியைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தாள். வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதல் குசினிக்குப் போவாள். பிரிஜ்ஜைத் திறந்து, கீழ்த்தட்டில் பின்பக்கமாக இருக்கிற மாஜரின் பெட்டியை விரலால் தொட்டுப் பார்ப்பாள். அது குளிர்ந்திருந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

அந்தப் பெட்டிக்குள் பாணுக்குப் பூசுகிற மாஜரின் இல்லை. எங்கள் ஆட்களின் பிரிஜ்ஜில் எந்தப் பெட்டிக்குள்தான் மேலே எழுதியிருக்கிற சாமான் இருக்கிறது? ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்தால் மீன்தலை. யோகட் வாளியைத் திறந்தால் இடிச்ச சம்பல். ஜாம் போத்தலுக்குள் இஞ்சியும் உள்ளியும் அரைத்து வைத்திருக்கும். வெறும் பெட்டியை எறிய மனம் வராத சனம் நாங்கள். அதனால் கொறற்றி தன் ஊசி மருந்தை ஒளிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைத்தாள். சின்னக் கண்ணாடிக் குப்பிகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டிவிட்டாள். ஆர் வந்து பிரிஜ்ஜைத் திறந்தாலும் கண் அதில் நிற்காது. இந்தக் கெட்டித்தனம்தான் கடைசியில் அவளின் தலையில் விடிந்தது.

அது பிள்ளை உண்டாவதற்குப் போடுகிற ஊசி.

அவள் ஜெர்மனிக்கு வந்தது எண்பத்து நாலில், றெக்ஸைக் கலியாணம் கட்ட. கொழும்பிலிருந்து கிழக்கு பேர்லினுக்குப் பிளேன், அங்கிருந்து ரெயிலில் மேற்குப் பக்கம். அந்தக் காலத்தில் வந்த பாதிச் சனம் வந்த வழிதான். வரும்போதே அவளுக்கு வயது இருபத்தெட்டுக்கு மேலே. தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டுத் தன் முறை வர அவ்வளவு காலம் எடுத்தது. றெக்ஸ் நல்லவன். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, கை நீட்டியதில்லை. சத்தம் போட்டுக் கதைக்கவே தெரியாது. ஊரில் தகப்பனின் வாயைக் கேட்டு வளர்ந்த கொறற்றிக்கு இது பெரிய கொடையாகத் தெரிந்தது. சத்தம் போடத் தெரியாத மனுசனுக்கு வேறு எதெல்லாம் தெரியாமல் போகும் என்று கலியாணம் முடிந்த கையோடு ஆர் யோசிக்கிறார்கள்?

அவளுக்குக் கிடைத்த வேலை ஒரு கிண்டர்கார்ட்டனைத் துப்புரவாக்குவது. தாய் தகப்பன்மார் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு போவாள். முழங்கால் உயரக் கக்கூசுகள், குந்தினால் நிலம் தட்டுகிற கதிரைகள், கொளுக்கியில் மறந்துவிட்டுப் போன ஒற்றைக் காலுறை. முதல் மாதம் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டே அழுதாள். பிறகு பழகிவிட்டது என்று றெக்ஸுக்குச் சொன்னாள். பழகவில்லை.

கலியாணமாகி இரண்டாம் வருசம் சனம் விசாரித்தது. நாலாம் வருசம் புத்தி சொன்னது. ஏழாம் வருசத்துக்குப் பிறகு விசாரிப்பும் இல்லை, புத்தியும் இல்லை. கர்ப்பிணிப் பெண்கள் அவளைக் கண்டால் வயிற்றைச் சால்வையால் மூடத் தொடங்கினார்கள். பூப்புனித நீராட்டு விழாவென்றால் தட்டுத் தூக்க அவளைக் கூப்பிடமாட்டார்கள். மலடி என்ற சொல்லை ஆரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னது அவளின் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

குறை அவளில் இல்லை. இதுதான் இந்தக் கதையில் வயிறு எரிகிற இடம். ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, குறை றெக்ஸிடம்தான் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஊபான் ரெயிலில் வீட்டுக்கு வரும் வழியில், எதிரில் ஜெர்மன் கிழவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, றெக்ஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லாதை கொறற்றி. அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது. நான் உயிரோடை இருக்கமாட்டன்."

"நான் ஏன் சொல்லப்போறன்? அழாதேங்கோ," என்றாள் கொறற்றி. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஊர் வாயெல்லாம் தன் தலையில் விழுந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழி இருக்கிறது என்றார்கள். ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, எடுத்து, வெளியில் வைத்துச் சேர்த்து, திரும்ப வயிற்றில் வைப்பது. சோதனைக்குழாய்ப் பிள்ளை. தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமி ஒருநாள் பிரசங்கத்தில் பாவம் என்று சொன்னது இதைத்தான். கொறற்றி அதைக் கேட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தாள், பிறகு போய் நற்கருணையும் வாங்கினாள். மாதாவே, நீ ஒரு தாய், உனக்கு விளங்கும், சுவாமிக்கு விளங்காது என்று தனக்குள் கணக்கை முடித்துக்கொண்டாள். மூன்று தரம் செய்து மூன்றும் சரிவரவில்லை. நாலாவதுதான் கடைசி. அதுவும் நாற்பது வயதுக்கு முதல் செய்தால்தான் காப்புறுதி ஏற்கும். ஒக்டோபரில் அவளுக்கு நாற்பது.

அந்த நாலாவதற்கான மருந்துதான் மாஜரின் பெட்டிக்குள் இருந்தது. தாதிப்பெண் இரண்டு பேரையும் முன்னால் இருத்திவைத்துச் சொன்னாள். பிரிஜ்ஜில்தான் வைக்கவேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது, மருந்து சூடுபட்டால் பாவிக்கவேண்டாம். சூடுபட்டுவிட்டால் பயப்படத் தேவையில்லை, இந்த நம்பருக்கு உடனே ரெலிபோன் எடுங்கள், சனி ஞாயிறென்றாலும் ஆள் இருக்கும், வேறு மருந்துக்கு ஒழுங்கு செய்வோம். றெக்ஸின் ஜெர்மன் அவளின் ஜெர்மனைவிடத் திறம். அவன்தான் ஒவ்வொன்றையும் அவளுக்குத் தமிழில் சொன்னான், நம்பர் எழுதிய அட்டையை வாங்கித் தன் பேர்சுக்குள் வைத்தவனும் அவன்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் வயிற்றில் ஊசி. கொறற்றிக்கு ஊசி என்றால் கண் இருட்டும். றெக்ஸ்தான் போடுவான். அவனின் கை நல்ல கை. வலிக்காது.

இனி வானைப் பற்றிச் சொல்லவேண்டும். றெக்ஸ் வேலை செய்தது வோன்மொபில் வாடகைக்கு விடுகிற ஒரு யார்டில். வோன்மொபில் என்றால் கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் உள்ளுக்குள் இருக்கிற பெரிய வான். ஜெர்மன்காரன் வீட்டை விட்டுவிட்டு இன்னொரு வீட்டை இழுத்துக்கொண்டு போய்த்தான் லீவு கழிப்பான். திரும்பி வருகிற வான்களைக் கழுவுவதும், கக்கூசுத் தொட்டியை ஊற்றுவதும், காஸ் போத்தல் மாற்றுவதும் றெக்ஸின் வேலை. முதலாளி கழித்துவிட்ட பழசொன்றை வாங்கி, ஞாயிறு ஞாயிறாகத் திருத்தி, அவனும் ஒரு வோன்மொபில்காரன் ஆகிவிட்டான். தமிழ் ஆட்களில் அப்போது வேறு ஆரிடமும் அப்படி ஒன்று இல்லை.

அதற்குள் இருந்த பிரிஜ்ஜின் கூத்தே வேறு. வீட்டுப் பிரிஜ் மாதிரி உறுமாது. பின்பக்கம் காஸில் ஒரு சின்னச் சுடர் எரியும், அந்தச் சூட்டில்தான் உள்ளே குளிரும். நெருப்பு மூட்டிக் குளிர் எடுக்கிற சாமான் என்றபடியால் அதற்கு ஆயிரம் சீர் செய்யவேண்டும். வான் ஒரு பக்கம் சரிந்து நின்றால் குளிராது. சூடு வெளியேறுகிற சுவர்த் துவாரத்தில் வெயில் அடித்தால் குளிராது. சூடான சட்டியை வைத்தால் நாள் முழுக்கத் திணறும். அடிக்கடி திறந்து பார்த்தால் கோபித்துக்கொள்ளும். றெக்ஸ் அதன் குணத்தையெல்லாம் படித்து வைத்திருந்தான்.

"உங்கடை அக்காவுக்கு அடுத்தபடியா நீங்கள் பயப்பிடுறது இந்தப் பிரிஜ்ஜுக்குத்தான்," என்று கொறற்றி பகிடி பண்ணுவாள்.

அவன் சிரிப்பான். அக்காவைப் பற்றிய பகிடிக்கு மட்டும் அவனின் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அக்கா எமில்டா டுசல்டோர்ஃபில் இருந்தாள். தாய் செத்தபோது றெக்ஸுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனுக்குச் சோறு தீத்தி, குளிப்பாட்டி, பிறகு தன் தாலிக்கொடியை அடகு வைத்து ஜெர்மனிக்குக் கூப்பிட்டவள் அவள். மூன்று பிள்ளைகள் பெற்றவள், பெரிய வாய், பெரிய மனம், பெரிய சட்டிகள். அவளுக்கு முன்னால் றெக்ஸ் நாற்பது தாண்டியும் அந்த ஆறு வயதுப் பிள்ளைதான். கெட்டவளா என்றால் இல்லை. அதுதான் கரைச்சலே. கெட்டவளாக இருந்திருந்தால் கொறற்றி எப்போதோ வாய் திறந்திருப்பாள். எமில்டா கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டுதான் குத்துவாள். "நீ முட்டுக்காலிலை நிண்டு கேட்டால் மாதா தரமாட்டாவே பிள்ளை? உனக்கு விசுவாசம் காணாது," என்பாள்.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஜெர்மனியில் இருக்கிற தமிழ்ச் சனம் கெவலார் மாதா கோவிலுக்குத் திரளும். ஊரில் மடு மாதா கோவிலுக்குப் போகேலாத சனத்துக்குக் கெவலார்தான் மடு. வேதக்காரர் மட்டுமில்லை, சைவக்காரரும் வருவார்கள். அந்த வருசம் எமில்டா ஒரு நேர்த்தி வைத்துவிட்டாள். தம்பியும் மனுசியும் வந்து மாதாவுக்கு முன்னால் ஆளுயர மெழுகுதிரி கொளுத்தவேண்டும், அடுத்த வருசம் பிள்ளையோடு வருவார்கள் என்று. ஊசி போடுகிற நாட்களும் திருவிழாவும் ஒன்றாக வந்து விழுந்தன.

"இந்த முறை போகவேண்டாம். நாலு நாள் பயணம், இந்த வெயிலுக்கை மருந்தோடை எப்பிடி?" என்றாள் கொறற்றி.

"போகாட்டில் அக்கா ஏன் எண்டு கேப்பா," என்றான் றெக்ஸ். "என்னட்டைப் பிரிஜ் இருக்கு. நான் பாத்துக்கொள்ளுறன். என்னை நம்பு."

நம்பினாள். நம்பாமல் இருக்க அவன் இடமும் வைக்கவில்லை. புறப்பட முதல் நாளே வான் பிரிஜ்ஜை ஓடவிட்டுக் குளிரவைத்தான். வீட்டில் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல்களை மட்டும் உள்ளே அடுக்கினான். சுவர்த் துவாரத்துக்குப் பின்னால், பழைய கொம்பியூட்டரில் கழற்றிய ஒரு சின்ன விசிறியைப் பூட்டிச் சூட்டை வெளியே தள்ளவிட்டான். ஓட்டோபான் றோட்டில் நிறுத்தின இடமெல்லாம் லொறி நிழலாகப் பார்த்து நிறுத்தினான். கெவலாரில் வாகனம் விடுகிற புல்வெளியில் மரவரிசையின் நிழல் பிரிஜ் பக்கம் விழும்படி வானைத் திருப்பித் திருப்பி விட்டான். தேத்தண்ணிக் கிளாசில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்து, சரிவு பார்த்து, சில்லுக்கு அடியில் பலகை வைத்தான். உள்ளே தெர்மோமீற்றர் ஆறு பாகை காட்டியது. வியர்வை வழிய வழிய வந்து அவன் அதைக் காட்டினபோது, இந்த மனுசன் எனக்காக எவ்வளவு பாடுபடுகிறான் என்று கொறற்றிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

சனிக்கிழமைதான் பெரிய நாள். காலையிலேயே வெயில் முப்பதைத் தாண்டிவிட்டது. எமில்டா குடும்பத்தோடு வந்து இறங்கினாள். கூடவே இறங்கின சாப்பாட்டைப் பார்த்தால் ஒரு பட்டாளத்துக்குப் போதும். விடிய எழும்பிச் சமைத்த ஆட்டிறைச்சிக் கறி, கட்லட், ரோல்ஸ், சம்பல். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று கொறற்றியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வழி நெடுகத் தெரிந்த சனத்திடமெல்லாம் நின்றாள்.

"இவ எங்கடை றெக்ஸின்ரை மனுசி. இவவுக்காகவும் ஒருக்கா மன்றாடுங்கோ. பதினொரு வருசமாப் பாவம், ஒண்டும் தங்கேல்லை."

ஒண்டும் தங்கவில்லையா? தங்குவதற்கு என்ன வந்தது என்று கேட்க வேண்டும் போல் இருந்தது கொறற்றிக்கு. றெக்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மெழுகுதிரியைத் தோளில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நடந்தான். சரி, இன்னும் கொஞ்ச நாள்தான், இந்த முறை மட்டும் சரிவந்தால் எல்லா வாயும் அடங்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

சுற்றுப்பிரகாரம் தொடங்க முதல் எமில்டா தம்பியிடம் வான் திறப்பைக் கேட்டாள். சாப்பாடு பழுதாகிவிடும், உள்ளே வைத்துவிட்டு ஓடி வருகிறேன் என்றாள். றெக்ஸ் ஒரு கணம் கொறற்றியைப் பார்த்தான். பிறகு திறப்பைக் கொடுத்தான். மருந்துப் பெட்டி என்று கொறற்றி அவனுக்குச் சைகை காட்டினாள். அவன் காதுக்குள் வந்து, "நான் போய்ப் பாக்கிறன், நீ பயப்பிடாதை," என்றான். சொன்னபடி மத்தியானத்துக்குப் பிறகு, சாப்பாடு எடுக்க எழும்பின அக்காவோடு போனான். திரும்பி வந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது. வெயில் என்றான்.

பின்னேரம் மற்றவர்கள் ஐஸ் வாங்கப் போன நேரம் பார்த்து இரண்டு பேரும் ஊசிக்காக வானுக்கு வந்தார்கள். பிரிஜ்ஜைத் திறந்தால் நடுவில் எமில்டாவின் கறிச்சட்டி குந்திக்கொண்டிருந்தது. கொறற்றி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் இதை இதுக்கை வைச்சிருக்கு? சுடச்சுட வைச்சவவோ?"

"ஆறித்தான் வைச்சவ போலை," என்றான் றெக்ஸ். பெட்டி சட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் கை நீட்டமுன் அவன் அதை எடுத்துக்கொண்டான்.

"மருந்து குளிரா இருக்கோ?"

"ஓம். இருக்கு."

அவள் சட்டையை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு முதல்முறையாக ஊசி வலித்தது. பாவம், வெயிலில் மெழுகுதிரி சுமந்த களைப்பு என்று நினைத்து, அவனின் தலைமயிரைக் கோதிவிட்டாள்.

ஞாயிறு பேர்லினுக்குத் திரும்பினார்கள். ஊசி அன்றைக்கும் போட்டான், திங்களும் போட்டான். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த பெண் டொக்டர் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். போன கிழமை வளரத் தொடங்கியிருந்த முட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. கொறற்றியைப் பார்த்து ஆறுதலாகக் கேட்டார்.

"மருந்தை ஒழுங்காகக் குளிரில் வைத்திருந்தீர்களா?"

கொறற்றி தன் உடைந்த ஜெர்மனில், தலையை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னாள். அதில் ஒரு பிழையும் இல்லை டொக்டர், என் கணவருக்கு அதுதான் வேலை, அவரைவிடத் தெரிந்தவர் இல்லை என்றாள். றெக்ஸ் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தான். டொக்டர் அவனையும் பார்த்தார். அவன் தலையாட்டினான்.

அப்படியென்றால் உங்கள் உடம்பு இந்த மருந்துக்கு இனி ஈடுகொடுக்கவில்லை, வயதும் ஒரு காரணம் என்றார் டொக்டர். இந்த முறையை இத்தோடு நிறுத்துகிறோம், இன்னொரு தரம் செய்வதில் பலன் இருக்காது என்று காப்புறுதிக்கும் அப்படியே எழுதிவிட்டார். நாலாவதும் முடிந்தது.

அதன் பிறகு கொறற்றி பட்டபாட்டை எப்படிச் சொல்வது? இவ்வளவு காலமும் அவளிடம் ஒரு பிடி இருந்தது. ஊர் என்ன சொன்னாலும் குறை என்னில் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் போய்விட்டது. சனம் சொன்னது சரிதான், என் உடம்பு பட்டுப்போன உடம்புதான் என்று நினைத்தாள். கண்ணாடியில் வயிற்றைப் பார்க்கக் கூசினாள். சுவாமியின் பிரசங்கத்தைக் கேட்டும் கேளாமல் போனதற்கு ஆண்டவர் போட்ட தண்டனை என்றும் நினைத்தாள். றெக்ஸிடம் மன்னிப்புக் கேட்டாள். கேளுங்கள் இதை. அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். "என்னாலை உங்களுக்கு ஒரு பிள்ளையைத் தரேலாமப் போச்சு," என்று அழுதபோது, அவன் அவளின் முதுகைத் தடவிவிட்டு, "பரவாயில்லை, விடு," என்றான். பரவாயில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது.

ஒக்டோபர் பிறந்து சில நாள். அவளின் பிறந்தநாளும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வழமைபோல எமில்டா டுசல்டோர்ஃபிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். அந்த வீட்டுக் கதை, இந்த வீட்டுக் கதை, மூத்த மகள் லாராவின் படிப்பு எல்லாம் முடிந்து கதையோடு கதையாகச் சொன்னாள்.

"இப்ப லாராவின்ரை பிறந்தநாளுக்குக் கேக் அடிக்கிறன் பிள்ளை. மாஜரினைக் கையிலை எடுக்கத்தான் ஞாபகம் வந்தது. அண்டைக்குக் கெவலாரிலை உன்ரை மாஜரினை நான் பழுதாக்கிப்போட்டன், என்ன? கறிச்சட்டி வைக்க இடம் காணேல்லை. அதைத் தூக்கி முன்கண்ணாடிக்குக் கீழை வைச்சுப்போட்டு மறந்துபோனன்."

எமில்டா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"நல்ல வெயில் அதிலை. றெக்ஸ் வந்து கண்டிட்டு, பெட்டி கொதிக்குது அக்கா எண்டு என்னோடை ஒருமாதிரி நிண்டான். ஒரு மாஜரினுக்கு ஏனடா முகத்தை நீட்டுறாய், உருகினால் திரும்ப இறுகும்தானே எண்டன். பிறகு அவன்தான் எடுத்து உள்ளுக்கை வைச்சவன். நீ சமையலுக்கு எடுக்கேக்கை நல்லா இருந்ததோ?"

றெக்ஸ் சோபாவில் இருந்து ரெலிவிசன் பார்த்துக்கொண்டிருந்தான். கொறற்றி ரெலிபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. ரெலிவிசனை நிறுத்தினான்.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள்.

"குளிர்ந்தால் சரிவரும் எண்டு நினைச்சன்."

"சூடுபட்டால் போடக்கூடாது எண்டு எனக்குத் தமிழிலை சொன்னது ஆர்? அந்த நம்பர் உங்கடை பேர்சுக்கைதானே இருந்தது. அடிச்சிருந்தால் அண்டைக்கே வேறை மருந்து தந்திருப்பினம். ஏன் அடிக்கேல்லை?"

"அடிச்சால் மருந்தெடுக்க எங்கையாவது போகவேண்டி வரும். போனால் அக்கா ஏன் எண்டு கேப்பா." அவன் குரல் இறங்கிப்போனது. "பெட்டிக்கை என்ன எண்டு கேப்பா. ஆருக்கு எண்டு கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல?"

சூடு என்று தெரிந்துகொண்டே மூன்று நாள் ஊசி போட்டிருக்கிறான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்க, வயிற்றைக் கிள்ளிப் பிடித்துப் போட்டிருக்கிறான். டொக்டர் கேட்டபோது தலையாட்டினான். அவள் மன்னிப்புக் கேட்டபோது பரவாயில்லை என்றான். வெயில் எந்தப் பக்கத்தால் வரும், எத்தனை மணிக்கு நிழல் விலகும் என்று எல்லாம் தெரிந்து மறித்த மனுசனுக்கு, அக்கா அந்தப் பெட்டியைத் தொடாதேங்கோ என்று ஒரு வசனம் சொல்ல ஏலாமல் போயிருக்கிறது. எமில்டாமேல் கொறற்றிக்குக் கோபமே வரவில்லை. அந்த மனுசிக்கு என்ன தெரியும்?

ரெலிபோனுக்குள் எமில்டா, "பிள்ளை, நிக்கிறியோ? லைன் வெட்டுப்பட்டிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொறற்றி ரெலிபோனை றெக்ஸின் முன்னால் நீட்டினாள்.

"சொல்லுங்கோ. அந்தப் பெட்டிக்கை என்ன இருந்தது எண்டு உங்கடை அக்காவுக்குச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம் எனக்கு. அது மட்டும் போதும்."

அவன் வாங்கினான். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவளும் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு நடந்த பிறகும் அவன் சொல்லிவிடுவான் என்று அவளின் மனம் ஒருபக்கம் நம்பியது. சொன்னால் மன்னித்துவிடலாம் என்றும்கூட நினைத்தாள். அவ்வளவு பைத்தியம் அவள்.

"ஓம் அக்கா, நான்தான்," என்றான் றெக்ஸ். "இல்லை, இல்லை. மாஜரின்தான் அக்கா. அவ சும்மா கோவிக்கிறா."

எமில்டா சிரிப்பது வெளியே கேட்டது. பெரிய குரல், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வாற வருசம் இதைவிடப் பெரிய மெழுகுதிரி கொளுத்துவம், அவளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, இந்தமுறை நான் ரெண்டு பெட்டி மாஜரின் வாங்கிக்கொண்டு வாறன் என்றாள்.

"இனி என்ரை பேரிலை மெழுகுதிரி கொளுத்த வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் கொறற்றி. "நான் இனி அங்கை வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ. அதையாவது சொல்லுங்கோ."

றெக்ஸ் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

"சரி அக்கா," என்றான். "வாற வருசமும் ரெண்டு பேரும் வாறம்."